வாள் பிடியில் சுற்றிய நாடா பாதியிலிருந்து தளர்கிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். ஒசாகாவில் இருக்கிறேன், ஆறு வருடமாக இயாய்டோ (உறையிலிருந்து வாளை உருவி வீசும் ஜப்பானியக் கலை) பழகுகிறேன். பயிற்சி வாளின் பிடியில் இருந்த நாடா நைந்துவிட்டதால் வீட்டிலேயே புதிதாகச் சுற்றிப் பார்த்தேன். மூன்று தடவை சுற்றியும் நிற்கவில்லை.

பிடி 25 செ.மீ. நீளம். நாடா 8 மி.மீ. அகலப் பருத்தி, சுமார் 4 மீட்டர். அடியில் இருக்கும் திருக்கைத் தோல் பழசு, ஆனால் விரிசல் இல்லை. நாடா ஒன்றன்மேல் ஒன்று விழும் ஒவ்வொரு குறுக்கிலும் அதை முறுக்கிப் போடும் ஹினெரிமாகி முறையில்தான் சுற்றுகிறேன்.

கைக்காப்புப் பக்கம், நாடாக்களுக்கு இடையில் விழும் வைர வடிவக் கட்டங்களில் முதல் ஐந்து கல் மாதிரி நிற்கின்றன. அதற்குப் பிறகு வைரக் கட்டம் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிறது. இரண்டு வாரப் பயிற்சியில் பக்கவாட்டு நாடா நகர்ந்து, கட்டைவிரல் நகம் அடியில் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுகிறது.

முதல் தடவை காகித ஆப்பு வைக்காமல் சுற்றினேன். அடுத்து, வாஷி என்ற ஜப்பானியக் காகிதத்தை முக்கோணமாக மடித்து ஒவ்வொரு குறுக்கின் அடியிலும் இரண்டு பக்கமும் வைத்தேன். கட்டம் அழகாக எழும்பியது, தளர்வு போகவில்லை. மூன்றாவது தடவை நாடாவை நனைத்து இழுத்தேன். காய்ந்ததும் முன்னைவிட மோசம். பக்கவாட்டில் இருபுற ஒட்டு டேப்பும் போட்டாயிற்று. குறுக்குகள் மாறி மாறித்தான் விழுகின்றன, புகைப்படம் எடுத்து எண்ணிப் பார்த்தேன்.

பிடி ஆடும் வாளை வீசினால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து. அதனால் இப்போது மரவாளோடுதான் பயிற்சி.

பிடியின் நடுவில் இடுப்பு ஒடுங்கும் இடத்திலிருந்து காகித ஆப்பின் அளவை மாற்றி வெட்ட வேண்டுமா, அல்லது கடைசிவரை ஒரே அளவுதானா?