நிருகன் ஓணானானது வினையாலா, சாபத்தாலா?

நிருக மன்னன் கதையில் ஒரு முடிச்சு, அவிழ்க்க உதவுங்கள்.

ஓர் அந்தணருக்குத் தானம் கொடுத்த பசு மந்தைக்கே திரும்பிவிட, தெரியாமல் அதை வேறொரு அந்தணருக்குக் கொடுத்துவிடுகிறான். பாகவதத்தில் (10ஆம் ஸ்கந்தம், 64ஆம் அத்தியாயம்) ஈடாக லட்சம் பசு தருவதாகக் கெஞ்சியும் பசுவுக்கு உரிமை கேட்ட அந்தணர் இருவரும் மசியவில்லை. "பாவமா, புண்ணியமா, எது முதலில்?" என்கிறான் எமன், பாவத்தைக் கேட்டுக் கிணற்றில் ஓணானாகிறான். யாதவச் சிறுவர்கள் தோல்கயிறும் நூல்கயிறும் கட்டி இழுத்தும் அசையவில்லை. கண்ணன் இடக்கையால் தூக்குகிறார்.

ராமாயணத்தின் உத்தர காண்டத்திலோ (53ஆம் சர்க்கம்) எமனே இல்லை. வழக்கோடு வந்தவர்களை நாள்கணக்கில் பார்க்காததால் சாபம். அது அறியாப் பிழை, இது கடமை தவறியது. என் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல.

அறியாப் பிழைக்கு ஏன் வினைப்பயன் என்று எந்த உரையாசிரியராவது பேசியிருக்கிறாரா? சுலோக எண்ணோடு சொல்லுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம், அவற்றில் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள்.