ஃபியஸ்டா எஸ்டி: டிராக்குக்கு ஷார்ட் ஷிஃப்டர் போடலாமா?

வளைவுக்காரன்:

வணக்கம் நண்பர்களே. என்னுடையது 2014 ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி, 1.6 டர்போ, ஆறு கியர் மேனுவல். வார நாளெல்லாம் வேலைக்கு ஓடுகிற வண்டிதான். ஒன்றரை வருஷமாக ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோகிறேன், இதுவரை ஆறு முறை. பிரேக் பேடும் டயரும் மாற்றியாச்சு. என்ஜினில் கை வைக்கவில்லை, வைக்கிற எண்ணமும் இல்லை.

பிரச்சினை கியர் லீவர். போன முறை, நீளமான நேர்பாதை முடிகிற இடத்தில் 5இலிருந்து 4க்கு இறக்கும்போது லீவர் 2க்குள் போகப் பார்த்தது. ஏற மறுத்து முட்டி நின்றது. அந்த முட்டல் உள்ளங்கையில் தெரிந்ததும் கிளட்சை விடாமல் அப்படியே நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன். வண்டி வளைவை விட்டு அகன்று போய் ஓரத்தில் நின்றது. கை நடுக்கம் அடங்கப் பத்து நிமிஷம் ஆனது. அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை அதே மாதிரி வந்து, கடைசி நேரத்தில் சுதாரித்தேன். ரோட்டில் ஒருநாளும் இப்படி ஆனதில்லை.

லீவர் வீச்சு ரொம்ப நீளம் என்று தோன்றுகிறது. கியர்பாக்ஸ் பக்கம் மாட்டுகிற ஷார்ட் ஷிஃப்டர் ஆர்ம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் மூன்று ஓட்டை இருக்கிறது, எதில் கேபிளை மாட்டுகிறோமோ அதற்கேற்ப வீச்சு குறையும். எடுத்த எடுப்பில் ரொம்பக் குட்டையான ஓட்டையிலேயே மாட்டலாமா? இல்லை, அதற்கு முன்னால் வேறு ஏதாவது பார்க்கணுமா? போட்டு ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

டர்போ விசில்:

யோசிக்காம போடுங்க. நான் என் வண்டியில போட்டு மூணு வருஷம் ஆச்சு. 2லேருந்து 3க்கு மணிக்கட்டை அசைச்சாலே போதும், கை ஸ்டீயரிங்கை விட்டுப் போய்ட்டு வர்ற நேரம் குறையுது. லீவர் கொஞ்சம் கெட்டியாகும், ஒரு வாரத்துல பழகிடும். ஆனா குட்டை ஓட்டை வேண்டாம், நடு ஓட்டையில ஆரம்பிங்க. குட்டையில போட்டப்ப காலையில ஆயில் சூடேறுற வரைக்கும் 2 விழவே மாட்டேன்னுச்சு.

பழைய ஸ்பானர்:

தம்பி, வாங்குவதற்கு முன் இரண்டு கேள்வி. மூன்று தடவையும் ஒரே வளைவா? அது வலது பக்க வளைவா?

வளைவுக்காரன்:

ஆமாம் அண்ணே, மூன்றும் ஒரே இடம்தான். வலது வளைவு. எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? ஸ்டீயரிங் வலது பக்கம், கியர் இடது கையில்.

பழைய ஸ்பானர்:

அப்படியானால் ஆர்மை இப்போதைக்கு வாங்காதீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இதே தப்பில் நான் ஒரு என்ஜினை இழந்தவன்.

உங்கள் வண்டியில் லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்கு இரண்டு கேபிள் போகிறது. ஒன்று முன்னும் பின்னும் தள்ளுவதற்கு, அதாவது கியரை உள்ளே ஏற்றுவதற்கு. இன்னொன்று இடமும் வலமும், அதாவது 1-2, 3-4, 5-6 என்கிற வரிசைகளில் எது என்று தேர்ந்தெடுப்பதற்கு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ஆர்ம் முதல் கேபிளில் மாட்டுவது. முன்பின் வீச்சைத்தான் அது குறைக்கும். உங்களுக்கு நடந்த தப்போ பக்கவாட்டில். 3-4 வரிசையில் நிற்க வேண்டிய லீவர் 1-2 வரிசைக்குத் தாவியிருக்கிறது. குட்டை ஆர்ம் இருந்தாலும் அதே இடத்துக்குத்தான் தாவியிருக்கும். இப்போது முட்டலை உணர்ந்து நிறுத்தினீர்களே, அந்த நூலிழை நேரமும் குறைந்திருக்கும்.

2க்குள் ஏறியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2ஆம் கியரின் விகிதம் 4ஆவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 4இல் 5,500 ஆர்பிஎம்மில் வந்து உட்கார வேண்டிய வேகத்தில் 2 விழுந்து கிளட்சை விட்டால் 11,000. என்ஜின் சுழற்சி எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். லிமிட்டரால் பெட்ரோலை நிறுத்த முடியும். உருளுகிற சக்கரம் கியர்பாக்ஸ் வழியாக என்ஜினைச் சுழற்றுவதை அதால் தடுக்க முடியாது. என்னுடைய பியூஜோ 205 ஜிடிஐயில் எனக்கு நடந்தது இதுதான். ஒரே ஒரு சத்தம், இரும்புத் தட்டைத் தரையில் போட்ட மாதிரி. வால்வை இழுத்து மூட ஸ்பிரிங்குக்கு நேரம் போதாமல் பிஸ்டன் வந்து இடித்துவிட்டது. ஹெட்டைக் கழற்றியபோது எட்டு வால்வில் நான்கு வளைந்திருந்தன.

சரி, லீவர் ஏன் இடப்பக்கம் போனது? வலது வளைவில் உடம்பு இடது பக்கம் சாயும். பிரேக்கை முழுதாக விடாமல் உள்ளே திரும்பிக்கொண்டே கியர் இறக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் இடது கை லீவரைப் பிடித்திருந்தால், சாய்கிற உடம்பின் பாரம் தோள் வழியாக லீவருக்கு இறங்குகிறது. இடப்பக்கம் இருப்பது 1-2 வரிசை. ரோட்டில் இது வராததற்குக் காரணமும் அதுதான், அங்கே உங்களை யாரும் அவ்வளவு வேகத்தில் இடப்பக்கம் தள்ளுவதில்லை.

அதனால் முதலில் செய்ய வேண்டியது உங்கள் உடம்பைக் கட்டுவது. சீட்டை ஒரு கிளிக் முன்னால் நகர்த்துங்கள், முதுகு முழுக்கப் படியட்டும், பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டிக்கொண்டு இடுப்பில் இறுக்குங்கள். இடது காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி உடம்பைத் தாங்குங்கள், கிளட்சுக்கு மட்டும் எடுங்கள். கியரை வண்டி நேராக இருக்கும்போதே இறக்கி முடித்துவிட்டு இரண்டு கையையும் ஸ்டீயரிங்குக்குக் கொண்டு வந்து, அப்புறம் திரும்புங்கள்.

5இலிருந்து 4க்கு வரும்போது நாபை, அதாவது லீவர் உச்சியில் இருக்கும் குமிழை, முஷ்டியாகப் பிடிக்காதீர்கள். இரண்டு விரலால் கொக்கி மாதிரி பின்னால் இழுங்கள். 5ஐ விட்டு வெளியே வந்ததும் உள்ளே இருக்கும் சென்டரிங் ஸ்பிரிங்கே லீவரை 3-4 வரிசைக்குக் கொண்டுவந்து நிறுத்தும். பக்கவாட்டு வேலை முழுக்க அந்த ஸ்பிரிங்குடையது. கை அதற்கு உதவப் போகும்போதுதான் 2க்குத் தாவுகிறது.

இரண்டாவது, லிங்கேஜில், அதாவது லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் அமைப்பில், இருக்கும் ஆட்டம். பத்து வருஷத்துக்கு மேல் ஆன வண்டி. கேபிள் முனைகளில் இருக்கும் புஷ், அதாவது இணைப்பு வளையம், ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான், பக்கத்திலேயே டர்போவின் சூடு. என்ஜினை நிறுத்தி நியூட்ரலில் வைத்து, லீவர் பக்கத்தில் ஒரு அட்டையை நிறுத்தி, ஸ்பிரிங் எதிர்ப்பு தெரிகிற வரை நாப் இடமும் வலமும் எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று பென்சிலால் குறியுங்கள். 4இல் போட்டு முன்னும் பின்னும் அதே மாதிரி. இரண்டையும் மி.மீ.யில் எழுதி இங்கே போடுங்கள்.

கிளட்சையும் மறக்க வேண்டாம். அதற்குத் தனி ஆயில் டப்பா கிடையாது, பிரேக் ஆயில் டப்பாவிலிருந்துதான் போகிறது. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். பேட் மாற்றியதைச் சொன்னீர்கள், ஆயிலைச் சொல்லவில்லை. ஐந்தாறு லேப்புக்குப் பிறகு கிளட்ச் பெடல் மெத்தென்று ஆகி, கியர் விழ அடம் பிடித்தால் லீவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

மணிக்கட்டு:

ஸ்பானர் அண்ணன் சொன்னதோடு நாபையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் ஓட்டுவது சிவிக் டைப் ஆர். 2020இல் ஹோண்டா அந்த வண்டிக்குப் புது வடிவ நாப் கொடுத்தபோது உள்ளே 90 கிராம் எடை வைத்தது. லீவர் ஒருமுறை கிளம்பிவிட்டால் அந்த எடையே அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், கை அழுத்த வேண்டியதில்லை. அலுமினிய நாப் வெயிலில் நின்றால் சுடும், கையுறை இல்லாமல் ஓட்டுபவர் என்றால் அதையும் யோசியுங்கள். உயரமும் முக்கியம். 2001இல் வந்த டைப் ஆரில் லீவரை டாஷ்போர்டிலேயே வைத்திருந்தார்கள். வீச்சு குட்டையா நீளமா என்பதை விட, ஸ்டீயரிங்கை விட்டுக் கை எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் வளைவுக்கு வளைவு தெரியும்.

வளைவுக்காரன்:

அண்ணே, அளந்தேன். நியூட்ரலில் பக்கவாட்டில் 26 மி.மீ. சும்மா ஆடுகிறது. 4இல் முன்பின் 17. 3இலிருந்து 4க்கு மொத்த வீச்சே 110தான்! ஏர்ஃபில்டர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், பக்கவாட்டுக் கேபிளின் முனையில் புஷ் இரண்டாக வெடித்திருக்கிறது. விரலால் தொட்டேன், பாதித் துண்டு கையோடு வந்துவிட்டது. இவ்வளவு நாளும் இதை வைத்துக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறேன் என்று நினைக்கவே வயிற்றைக் கலக்குகிறது.

பழைய ஸ்பானர்:

கிடைத்துவிட்டது. இரண்டு கேபிளின் முனைக்கும் பித்தளை அல்லது டெல்ரின் என்கிற கெட்டி பிளாஸ்டிக் புஷ் போடுங்கள், லீவர் அடித்தளத்தில் ரப்பர் புஷ் இருந்தால் அலுமினிய புஷ். கியர்பாக்ஸ் பக்கம் கேபிள் மாட்டும் பந்து மேல் புஷ் இறுக்கமாக உட்கார வேண்டும், ஆனால் விரலால் திருப்பினால் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கேபிள் வளைந்து சீக்கிரம் அறுந்துவிடும். மாட்டிய பிறகு கேபிளை மேனுவலில் சொன்னபடி நியூட்ரலில் வைத்து மறுபடி சரி செய்யுங்கள். என்ஜின் ஓடாமல் ரிவர்ஸ் உட்பட ஏழு கியரையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சாவியைத் தொடணும்.

காசு மிச்சமிருந்தால் அடுத்தது கீழ் என்ஜின் மவுண்ட். குறுக்கே உட்கார்ந்த என்ஜின் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கமும், காலை எடுத்தால் மறுபக்கமும் உருளும். கியர் மாற்றும் நேரமும் அதே நேரம்தான். என் 205இல் கேபிள் இல்லை, கம்பி லிங்கேஜ், அதில் இந்த உருளலை லீவரிலேயே பார்க்கலாம். கேபிள் பெருமளவு விழுங்கிக்கொள்ளும், முழுதாக அல்ல.

வளைவுக்காரன்:

முழுதாக எழுத வேண்டும் என்று காத்திருந்தேன். பித்தளை புஷ், அடித்தள புஷ், புது டாட் 4 ஆயில். மவுண்டைத் தொடவில்லை. இப்போது பக்கவாட்டு ஆட்டம் 7, முன்பின் 5.

போன ஞாயிறு ஏழாவது டிராக் நாள். அதே வலது வளைவு. பிரேக்கை முன்பை விடக் கொஞ்சம் சீக்கிரம் மிதித்து, வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு விரலால் 4க்கு இழுத்தேன். 5ஐ விட்டு வந்ததும் ஸ்பிரிங் நடுவில் பிடித்து நிறுத்துவது விரல் நுனியில் தெரிந்தது. இத்தனை நாள் இந்த வண்டியில் அப்படி ஒரு இடம் இருப்பதே எனக்குத் தெரியாது. நாள் முழுக்க நாற்பதுக்கு மேல் லேப், ஒரு தடவைகூடத் தப்பவில்லை. முதல் லேப்களில் நேரம் போனது போலிருந்தது, மதியத்துக்கு மேல் என் பழைய நேரத்தை விட வேகமாகவே வந்தேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். 2,800 ஆர்பிஎம்மில் லீவர் அடியிலிருந்து தேனீ மாதிரி ஒரு ரீங்காரம் வருகிறது. இன்னொன்று, அந்த ஆர்மை இப்போதாவது போடலாமா?

பழைய ஸ்பானர்:

படித்ததும் மனசு நிறைந்தது தம்பி.

ரீங்காரம் அலுமினிய புஷ்ஷால் வருவது. ரப்பர் விழுங்கிய அதிர்வு இப்போது நேராக ஏறுகிறது. லீவரைச் சுற்றியிருக்கும் உறையின் பிளாஸ்டிக் சட்டம் கன்சோலில் உரசுகிற இடத்தில் மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டிப் பாருங்கள், பாதி அடங்கும். மீதி அங்கேதான் இருக்கும்.

ஆர்ம் போடலாம், நடு ஓட்டையில். 20 சதவீதம் வீச்சு குறைந்தால் 110 என்பது 88 ஆகும், கையில் வேண்டிய அழுத்தம் 25 சதவீதம் கூடும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையம் கூம்பில் உரசி வேகத்தைச் சமன்படுத்த எடுக்கும் நேரம் அப்படியேதான் இருக்கும், அதனால் அடித்துத் தள்ளாமல் அழுத்தித் தள்ளுங்கள். கியர் ஆயிலும் வண்டி கம்பெனி சொன்ன ரகமே இருக்கட்டும். மாட்டியதும் 1, 3, 5 மூன்றிலும் லீவர் கன்சோலில் இடிக்காமல் முழுதாகப் போய் நிற்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக நின்றால் கியர் தானாக வெளியே துள்ளும். இரண்டு வாரம் ரோட்டில் ஓட்டிவிட்டு, ஆர்மின் போல்ட்டை மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டுத்தான் டிராக்குக்குக் கிளம்பணும்.