பழைய மடிக்கணினி டச்பேடில் இரண்டு விரல் ஸ்க்ரோல்: டிரைவரைத் திருத்தலாமா, ஓர ஸ்க்ரோலே போதுமா?

வடகரை:
2005 முதல் 2010 வரை வந்த சினாப்டிக்ஸ் நிறுவனத்தின் பிஎஸ்/2 (பழைய மௌஸ் இணைப்பு முறை) டச்பேடுகளில் இரண்டு விரல் ஸ்க்ரோல் வருமா என்று கேட்டால், "பழைய பேடு, விட்டுவிடுங்கள்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆப்பிள் 2005 ஜனவரியில் பவர்புக் ஜி4 வரிசையில் இந்த வசதியைக் கொண்டுவந்தது. கொஞ்ச நாளிலேயே ஐஸ்க்ரோல்2 என்ற திருத்திய டிரைவர், அதற்கு முந்தைய பவர்புக், ஐபுக் மாடல்கள் சிலவற்றிலும் அதே வேலையைச் செய்துகாட்டியது. பேடுக்குத் திறன் இருந்தது, டிரைவர்தான் அதைப் பயன்படுத்தவில்லை.

விண்டோஸில் வழி இது. டிவைஸ் மேனேஜரில் டச்பேடின் ஹார்டுவேர் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய மாடலுக்கான டிரைவர் தொகுப்பைப் பிரித்து, அதன் ஐஎன்எஃப் கோப்பில் (நிறுவல் விவரங்கள் உள்ள உரைக் கோப்பு) மாடல்கள் வரிசையாக இருக்கும் பகுதியில் அந்த ஐடியை ஒரு வரியாகச் சேருங்கள். 64 பிட் விண்டோஸ் என்றால் என்டிஏஎம்டி64 என்று முடியும் பகுதியில் சேர்க்க வேண்டும். 32 பிட் பகுதியில் சேர்த்துவிட்டு "இந்த டிரைவர் பொருந்தாது" என்ற செய்தியைப் பார்த்துக் கைவிட்டவர்கள் நிறைய. பிறகு "ஹேவ் டிஸ்க்" வழியாக அந்தக் கோப்பைக் காட்டி நிறுவினால் டச்பேடு அமைப்புச் சாளரத்தில் ஸ்க்ரோல் தாவல் வந்துவிடும்.

கம்பிமுனை:
வடகரை அண்ணே, ஐஸ்க்ரோல்2 உங்கள் வாதத்துக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. அது எல்லா பழைய ஐபுக்கிலும் ஓடவில்லை. விரல் அகலத்தை அனுப்பும் பேடு உள்ள மாடல்களில் மட்டும் ஓடியது. பேடுக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேர் அனுப்பாத தகவலை எந்த டிரைவரும் உண்டாக்க முடியாது.

சினாப்டிக்ஸ் பேடு முழுமுறையில் (விரல் இருக்கும் இடத்தை நேரடியாகச் சொல்லும் முறை) இருக்கும்போது ஒரு பாக்கெட்டுக்கு 6 பைட், வினாடிக்கு 80 பாக்கெட் அனுப்பும். அதற்குள் எக்ஸ், ஒய், அழுத்தத்துக்கான இசட், பொத்தான்கள், விரல் எண்ணிக்கையையோ அகலத்தையோ சொல்லும் 4 பிட் டபிள்யூ ஆகியவை இருக்கும். நம் விவாதம் முழுவதும் அந்த டபிள்யூவில்தான் அடங்கியிருக்கிறது. 0 வந்தால் இரண்டு விரல். 1 வந்தால் மூன்று அல்லது அதற்கு மேல். 4 முதல் 7 வரை சாதாரண அகலமுள்ள ஒரு விரல், 8 முதல் மேலே அகலமான விரல் அல்லது உள்ளங்கை.

பல விரல் திறன் இல்லாத பேடு 0, 1 இரண்டையும் அனுப்பவே அனுப்பாது. அதில் எவ்வளவு புதிய டிரைவரை ஏற்றினாலும் தாவல் தெரியும், தேர்வுப்பெட்டி தெரியும், ஸ்க்ரோல் மட்டும் நடக்காது. ஆகவே ஐஎன்எஃப் கோப்பைத் தொடும் முன் பேடு எதை அனுப்புகிறது என்று பாருங்கள். ஒரு லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் துவக்கி, ஈவிடெஸ்ட் கருவியில் டச்பேடைத் தேர்ந்தெடுத்தால் அது ஆதரிக்கும் நிகழ்வுகளின் பட்டியல் வரும். அதில் டபுள்டேப் என்று முடியும் வரி இருந்தால் பேடு இரண்டு விரலை உணர்கிறது. அந்த வரி இல்லை, டூல் விட்த் வரி மட்டும் இருக்கிறது என்றால் அகலம் மட்டும் தெரியும். இரண்டும் இல்லையென்றால் ஓர ஸ்க்ரோல்தான், அதாவது பேடின் ஓரத்தில் ஒரு விரலை இழுத்து உருட்டுவது.

பட்டியலில் "ஜெனரிக் மௌஸ்" என்ற பெயர் மட்டும் தெரிந்தால் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். லினக்ஸின் மையமான கெர்னலுக்குத் துவக்கத்தில் கொடுக்கும் வரியில் யாராவது பிஎஸ்மௌஸ் (பிஎஸ்/2 மௌஸ் டிரைவர்) புரோட்டோவை ஐஎம்பிஎஸ் என்று வைத்திருக்கலாம். அந்தப் பழைய அறிவுரையை இன்னும் நகலெடுத்துப் போடுகிறார்கள். அது பேடைச் சாதாரண மௌஸ் முறைக்குத் தள்ளிவிடுகிறது; அங்கே இசட்டும் கிடையாது, டபிள்யூவும் கிடையாது.

தறி:
கம்பிமுனை சொன்ன நடு வகை, அதாவது அகலம் மட்டும் தெரியும் பேடு, அப்படியொன்றும் ஒதுக்கிவிடக் கூடியதில்லை. லினக்ஸின் திரை அமைப்பான எக்ஸார்க்கின் (சுருக்கமாக எக்ஸ்) சினாப்டிக்ஸ் டிரைவரில் இதற்கென்றே இரண்டு அமைப்புகள் உண்டு: எமுலேட்டூஃபிங்கர்மின்இசட், எமுலேட்டூஃபிங்கர்மின்டபிள்யூ. அழுத்தமும் அகலமும் இந்த இரண்டு வரம்பையும் ஒரே நேரத்தில் தாண்டினால் டிரைவர் அதை இரண்டு விரலாக எடுத்துக்கொள்ளும். இரண்டு விரலையும் ஒட்டி வைத்தால் பேடுக்கு அது ஓர் அகலமான விரல். அதைத்தான் இங்கே பயன்படுத்துகிறோம்.

இந்த டிரைவரின் அமைப்புகளைக் காட்டி மாற்றும் சின்க்ளையண்ட் கட்டளை கொண்டு பட்டியலிட்டால் பெரும்பாலும் மின்இசட் 282 என்று இருக்கும். இசட்டின் உச்சமே 255, அதனால் 282 என்பது அணைத்து வைத்ததற்குச் சமம். மின்இசட் 40, மின்டபிள்யூ 8 என்று வைத்துத் தொடங்குங்கள். வெர்ட்டூஃபிங்கர்ஸ்க்ரோலை 1 ஆக்குங்கள். பாம்டிடெக்டை 0 ஆக்குங்கள். கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டுத்தான் "வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறார்கள். உள்ளங்கையைக் கண்டறியும் அகல வரம்பு இயல்பாக 10. ஒட்டி வைத்த இரண்டு விரல் அதைத் தாண்டிவிட்டால், டிரைவர் அதை உள்ளங்கை என்று ஒதுக்கிவிடும்.

சின்க்ளையண்டில் கொடுத்த மதிப்புகள் வெளியேறியதும் போய்விடும். சரியாக வந்த பிறகு எக்ஸார்க்.கான்ஃப்.டி கோப்புறையில் 70-சினாப்டிக்ஸ் கோப்பாக எழுதிவையுங்கள். எண் முக்கியம்: புதிய உள்ளீட்டு டிரைவரான லிப்இன்புட்டின் கோப்பு 40 என்று தொடங்கினால் 70 அதற்குப் பின் படிக்கப்பட்டு மேலோங்கும்.

நாணல்:
தறி சொல்வது ஓடும், மறுக்கவில்லை. அதை அன்றாடம் பயன்படுத்தும் கணினியில் வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. நான் வைக்கமாட்டேன்.

இசட் என்பது விரலை எவ்வளவு பலமாக அழுத்துகிறோம் என்பதில்லை. பேடில் தோல் எவ்வளவு பரப்பில் படிகிறது என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டுகிறது. கட்டைவிரல், படுக்கை வாட்டில் வைத்த ஆள்காட்டி விரல், வியர்த்த விரல் எல்லாமே மதிப்பை ஏற்றும். டபிள்யூ 7-க்கும் 8-க்கும் இடையில் ஊசலாடினால் கர்சர் நகர்வதும் பக்கம் உருள்வதும் மாறி மாறி நடக்கும். அதைவிட மோசமானது டேப், அதாவது பேடைத் தட்டிச் சொடுக்குவது. ஒரு விரல் டேப் இரண்டு விரலாகத் தவறாகக் கணக்கானால் டேப்பட்டன்2-க்கு என்ன ஒதுக்கியிருக்கிறதோ அது நடக்கும். எக்ஸ் திரை அமைப்பில் அது நடுப்பொத்தானாக இருந்தால், தேர்ந்தெடுத்து வைத்த உரை கர்சர் இருக்கும் இடத்தில் ஒட்டப்படும். டெர்மினலில் இப்படி ஒட்டியது புதுவரியோடு முடிந்தால் கட்டளையாக ஓடிவிடும்.

இதற்குப் பதில் ஓர ஸ்க்ரோல் இருக்கிறது. பேடு அகலத்தில் வலது ஓரத்து 7 சதவீதம் அதற்கு. இந்தப் பேடுகளில் எக்ஸ் சுமார் 1472 முதல் 5472 வரை, ஒய் 1408 முதல் 4448 வரை. வெர்ட்ஸ்க்ரோல்டெல்டா (ஒரு சொடுக்குக்கு விரல் நகர வேண்டிய தூரம்) 100 என்றால் மேலிருந்து கீழே ஒரு முறை இழுத்தால் சுமார் 30 சக்கரச் சொடுக்கு, சொடுக்குக்கு மூன்று வரி என்றால் 90 வரி. இழுத்த இழுப்புக்கு எவ்வளவு நகரும் என்பது ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல இருக்கும்.

நீளமான ஆவணம் படிப்பவர்கள் சர்க்குலர்ஸ்க்ரோலிங்கை இயக்கிப் பாருங்கள். சர்க்ஸ்க்ரோல்ட்ரிக்கர் 2 என்றால் மேல் வலது மூலையில் தொடங்கி வட்டமாகச் சுற்றலாம். டெல்டா 0.1 ரேடியன், அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு சுமார் 62 சொடுக்கு. விரலை எடுக்கவே வேண்டாம். இந்தச் சுகம் இரண்டு விரல் ஸ்க்ரோலில் கிடைக்காது.

தறி:
நாணல், டேப் பற்றிய எச்சரிக்கை முற்றிலும் சரி. டேப்பட்டன்2-ஐ 0 ஆக்கிவிட்டால் அந்த அபாயம் போய்விடுகிறது. ஊசலாட்டம் பற்றி மட்டும் மாற்றுக்கருத்து. 40, 8 என்பவை தொடக்க எண்கள். அவற்றை அப்படியே விட்டுவிட்டு எமுலேஷனைக் குறை சொல்வது முறையில்லை. அந்தந்தப் பேடில் அளக்க வேண்டும்.

ஈவிடெஸ்டை எக்ஸ் ஓடும்போதே திறந்தால் எதுவும் வராது, ஏனென்றால் சினாப்டிக்ஸ் டிரைவர் சாதனத்தைத் தன் பிடியில் வைத்திருக்கும். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உரைத் திரைக்குப் போய் ஓட்டுங்கள். முதலில் ஒரு விரலால் வழக்கம்போல் கர்சரை நகர்த்தி, பிரஷர், டூல் விட்த் இரண்டின் உச்ச மதிப்பைக் குறியுங்கள். பிறகு கட்டைவிரல். பிறகு ஒட்டி வைத்த இரண்டு விரலால் இழுத்து, இந்த முறை தாழ்ந்த மதிப்பைக் குறியுங்கள். இரண்டு விரலின் தாழ்ந்த அகலம் ஒரு விரலின் உச்ச அகலத்தைவிட அதிகமாக இருந்தால் இடைவெளி இருக்கிறது, அந்த இடத்தில் வரம்பை வையுங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மின்இசட்டை உயர்த்திப் பிரிய வைக்க முடிகிறதா என்று பாருங்கள். அதிலும் பிரியவில்லை என்றால் அந்தப் பேடுக்கு நாணலின் வழிதான்.

அளக்கும்போது ஒருமுறை சார்ஜரோடும் ஒருமுறை பேட்டரியிலும் அளக்கவும். எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜரில் பேடின் மதிப்புகள் நடுங்கும். பேட்டரியில் அருமையாக ஓடி, செருகியதும் கெட்டுப்போகும் அமைப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

வடகரை:
எல்லோரும் லினக்ஸுக்கே போய்விட்டீர்கள். அலுவலக மென்பொருளுக்காக விண்டோஸில் இருந்தே தீர வேண்டியவர்கள் என்ன செய்வது? டபிள்யூ 0 அனுப்பும் பேடு என்று உறுதியான பிறகும் தயாரிப்பாளர் கொடுத்த பழைய டிரைவரில் இரண்டு விரல் தேர்வு இல்லாமல் இருக்கும். அங்கே ஐஎன்எஃப் திருத்தம் முழுக்க நியாயமானது என்பதே என் நிலை.

இன்னொரு வழியும் உண்டு. டூஃபிங்கர்ஸ்க்ரோல் என்ற சிறிய திறமூல நிரல், சினாப்டிக்ஸ் டிரைவரின் நிரல் இடைமுகம் வழியாக விரல் எண்ணிக்கையைப் படித்து ஸ்க்ரோலாக மாற்றும். டிரைவர் கோப்பைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சினாப்டிக்ஸின் சொந்த டிரைவர் நிறுவியிருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் பொது மௌஸ் டிரைவரோடு அது ஓடாது.

கம்பிமுனை:
அந்த நிரலைத்தான் முதலில் முயலச் சொல்வேன். ஐஎன்எஃப் திருத்தத்தில் எல்லோரும் தடுக்கி விழுவது டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தில். தொகுப்போடு வரும் கேட் கோப்பில் (கையொப்பமிட்ட பட்டியல்) ஐஎன்எஃப்பின் ஹாஷ், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண், இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் அது பொருந்தாது. 64 பிட் விண்டோஸ் 10-இல் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் வழியாகப் போய் 7-ஐ அழுத்தி, அந்த ஒரு துவக்கத்துக்கு மட்டும் கையொப்பச் சோதனையை நிறுத்தி நிறுவலாம். அடுத்த துவக்கத்தில் சோதனை திரும்பிவிடும். டிரைவரின் எஸ்ஒய்எஸ் கோப்பின் கையொப்பத்தை விண்டோஸால் உறுதிப்படுத்த முடியாவிட்டால் டிவைஸ் மேனேஜரில் குறியீடு 52 வரும், பேடு இயங்காது. கையொப்பச் சோதனையைத் தளர்த்தும் டெஸ்ட் மோடை நிரந்தரமாக இயக்கி வைக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். ஒரு ஸ்க்ரோலுக்காகக் கெர்னலின் வாசலைத் திறந்து போடுவது அது.

கையில் யுஎஸ்பி மௌஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பழைய டிரைவரை முன்கூட்டியே விண்டோஸின் பிஎன்பியூட்டில் கட்டளை கொண்டு வெளியே எடுத்து வையுங்கள். விண்டோஸ் அப்டேட் அந்தச் சாதனத்துக்கு டிரைவர் போடாதபடி தடுக்கவும் வேண்டும், இல்லையேல் திருத்தியது சத்தமில்லாமல் மாற்றப்பட்டுவிடும்.

புதிய லெனோவோ மாடலின் பிரிசிஷன் டிரைவரை (விண்டோஸின் புதிய டச்பேடு முறைக்கானது) ஏற்றும் வழி 2017 வாக்கில் பரவலானது. இந்த இழையில் பேசும் பேடுகளுக்கு அது ஆகாது. பிரிசிஷன் முறைக்குக் குறைந்தது மூன்று விரல்களின் இடத்தைத் தனித்தனியாகச் சொல்லும் பேடு வேண்டும். நம்முடையது இரண்டு விரல் வைத்தாலும் ஓரிடத்தைத்தான் சொல்கிறது. ஏற்றினால் பெரும்பாலும் குறியீடு 10-இல் (சாதனம் தொடங்க முடியவில்லை) நிற்கும்.

மழைக்காடு:
லினக்ஸ் பக்கம் யாரும் சொல்லாத ஒன்று. எக்ஸார்க் சினாப்டிக்ஸ் டிரைவரில் புதிய வளர்ச்சி நின்றுவிட்டது, பராமரிப்பு மட்டும்தான். எக்ஸுக்கு அடுத்து வந்த திரை அமைப்பான வேலண்ட் அமர்வில் அது ஓடவே ஓடாது, அங்கே லிப்இன்புட் மட்டுமே. லிப்இன்புட்டில் அகலத்தை வைத்து இரண்டு விரலாகக் கணிக்கும் வசதி இல்லை. பேடு இரண்டு விரலை உணராவிட்டால் அது தானாகவே ஓர ஸ்க்ரோலை எடுத்துக்கொள்ளும். இப்போது கஷ்டப்பட்டு அளந்து வைத்த எண்கள் அடுத்த வெளியீட்டுக்கு மாறும்போது வீணாகும். வட்ட ஸ்க்ரோலும் அப்படித்தான், நாணல். அதுவும் லிப்இன்புட்டில் இல்லை.

நாணல்:
ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கணினிகளில் பல 2 ஜிபி ரேமோடு ஓடுகின்றன. அவற்றில் எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்டிஇ போன்ற எக்ஸ் சூழல்தான் இன்னும் பொருத்தம். அங்கே இந்த டிரைவர் இருக்கும் வரை பயன்படுத்துவதில் தவறில்லை.

தறி:
மழைக்காடு சொன்னதால் வரம்பைத் தெளிவாகச் சொல்கிறேன்: எமுலேஷன் எக்ஸ் அமர்வுக்கு மட்டும்.

ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் ஸ்க்ரோல் போய்விட்டது என்பவர்கள் கான்ஃப் கோப்பைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசக்கில் "லாஸ்ட் சிங்க்ரொனைசேஷன்" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். பேடும் கெர்னலும் 6 பைட் எல்லையில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். பிஎஸ்மௌஸ் மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்றினால் சரியாகும். டிராக்பாயிண்ட் (விசைப்பலகை நடுவில் இருக்கும் சுட்டுக் குச்சி) உள்ள கணினியில் மாட்யூலை மாற்றும் அந்த இரண்டு நொடியும் டிராக்பாயிண்டும் நின்றுபோகும். அதன் தரவு பேடு வழியாகவே, டபிள்யூ 3 என்ற குறியோடு பொதிந்து வருவதுதான் காரணம்.

பழைய டோஷிபா சாட்டிலைட் வைத்திருப்பவர்களுக்கு: அவற்றின் விசைப்பலகைக் கட்டுப்படுத்தி முழு வேகத்தைத் தாங்காததால் சில மாடல்களில் கெர்னல் தானே வினாடிக்கு 40 பாக்கெட்டாகக் குறைத்துவிடும், டிமெசக்கில் அதற்கான வரியும் வரும். வேகமாக இழுத்தால் பக்கம் கொஞ்சம் துள்ளும். விரலை எடுத்த பின்னும் பக்கத்தை உருட்டும் கோஸ்டிங்ஸ்பீடை 0 ஆக்கி, டெல்டாவை 100-லிருந்து 130 வாக்கில் ஏற்றிப் பாருங்கள்.