டிரெயின் போல்ட் மழுங்கிவிட்டது, உதவுங்கள்

காரைக்குடியிலிருந்து:
அப்பா ஓட்டிய 100 சிசி பைக். தினமும் தேவகோட்டைக்கு இதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆயில் மாற்றும்போது ரிங் ஸ்பேனர் வழுக்கி, இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கும் 17ஆம் நம்பர் டிரெயின் போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கிவிட்டது. போன தடவை ஒர்க்‌ஷாப்பில் அவ்வளவு இறுக்கியிருக்கிறார்கள். இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். விரிசல் விட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பள்ளத்தூரிலிருந்து:
தம்பி, பயப்படாதீர்கள். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பிடி தளரும். அப்புறம் 16ஆம் நம்பர் ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றுங்கள். பன்னிரண்டு முனை வேண்டவே வேண்டாம், மறுபடி வழுக்கும். கீழே படுத்துப் பார்த்தாலும் இடப்பக்கம் சுற்றினால்தான் கழலும்.

கோட்டையூரிலிருந்து:
சாக்கெட் நிற்காவிட்டால் போல்ட் தலையின் ஓரத்தில் உளி வைத்துச் சாய்வாகத் தட்டுங்கள். ஆயில் சுடும், கை பத்திரம்.

காரைக்குடியிலிருந்து:
அண்ணே, வந்துவிட்டது! நாலு தட்டு தட்டி சாக்கெட்டை ஏற்றி, அதன் கைப்பிடிக் கம்பியை அழுத்தினேன். ‘டக்’கென்று ஒரு சத்தம், கறுப்பு ஆயில் கொட்டியது. மரை நன்றாகவே இருக்கிறது. புது போல்ட், புது வாஷர் வாங்கி முதலில் விரலாலேயே முழுக்கத் திருகினேன். அப்பா வண்டி, அதனால்தான் இவ்வளவு பதறினேன்.