“டாக்டருக்கா, கம்ப்யூட்டருக்கா?” – உயிர்த் தகவலியல், வேதித் தகவலியல் படித்த நம் ஊர்க்காரர்களின் அனுபவங்கள்

பள்ளத்தூர்க்காரி:

சென்ற தை மாதம் காரைக்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் கவுனி அரிசி பரிமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்து இலையில் இருந்த ஆச்சி கேட்டார்: “நீ படித்தது டாக்டருக்கா, கம்ப்யூட்டருக்கா?” உயிர்த் தகவலியல், அதாவது மரபணு, புரதத் தரவுகளைக் கணினியில் அலசும் படிப்பு என்றேன். “அப்படியானால் சர்க்கரைக்கு ஏதாவது மருந்து சொல்லேன்” என்றார். இலையில் இருந்த கவுனி அரிசியைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆச்சி தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். காரணத்தை அங்கே சொல்ல முடியவில்லை, இங்கே சொல்கிறேன்.

எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டில் புராஜெக்டுக்கு நான் எடுத்துக்கொண்டது அதே கவுனி அரிசியைத்தான். அரிசியின் கறுப்புக்குக் காரணமான ஆந்தோசயனின் என்ற நிறமிகளில் முக்கியமானது சயனிடின்-3-குளுக்கோசைடு. அது மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைத் தடுக்குமா என்று கணினியில் பார்ப்பது என் வேலை. நொதியின் முப்பரிமாண வடிவம் புரத வடிவங்களுக்கான பொதுத் தரவு வங்கியில் இலவசமாகக் கிடைக்கிறது. 1971-இல் வெறும் 7 வடிவங்களோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று 2 லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. நொதியை இறக்கி, மூலக்கூறை வரைந்து, ஆட்டோடாக் வைனா என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் பொருத்திப் பார்த்தேன். டாக்கிங் என்பார்கள். பூட்டுக்குள் சாவி நுழைகிறதா என்று பார்ப்பது போன்றது. எத்தனை இறுக்கமாகப் பிடிக்கிறது என்று மென்பொருள் ஓர் எண்ணைத் தரும்; மைனஸ் பக்கம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு நல்லது. எனக்கு வந்த எண் அபாரமாக இருந்தது. அன்று இரவே அப்பச்சியைக் கூப்பிட்டு, நம் வீட்டு அரிசியில் மருந்து கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

மறுநாள் வழிகாட்டி மேடம் எண்ணைப் பார்க்கவே இல்லை. “மூலக்கூறு எங்கே உட்கார்ந்திருக்கிறது, காட்டு” என்றார். திரையில் நொதியைத் திருப்பினேன். அமைலேஸ் வேலை செய்யும் பள்ளத்தில் மூன்று அமினோ அமிலங்கள் முக்கியம்: ஆஸ்பார்டிக் அமிலம் 197, குளூட்டமிக் அமிலம் 233, ஆஸ்பார்டிக் அமிலம் 300. என் மூலக்கூறு அவற்றின் பக்கத்தில்கூட இல்லை. நொதியின் முதுகுப்புறத்தில், ஏதோ ஒரு மடிப்புக்குள் சௌகரியமாகப் படுத்திருந்தது. தேட வேண்டிய இடத்தைக் குறிக்கும் பெட்டியை நான் தவறான இடத்தில் வைத்திருந்தேன். முகப்பு வாசலில் பூட்டு தொங்க, கொல்லைப்புறச் சுவர்ப் பொந்தில் சாவியைச் செருகிவிட்டு, பொருந்திவிட்டது என்று குதித்தவள் நான்.

அதன் பிறகு மேடம் சொன்ன முறையைத்தான் இன்றும் பின்பற்றுகிறேன். ஏற்கெனவே தடுப்பானோடு சேர்த்து எடுக்கப்பட்ட நொதி வடிவத்திலிருந்து அந்தத் தடுப்பானைப் பிரித்து எடு, மறுபடி மென்பொருளை விட்டே பொருத்தச் சொல். பழைய இடத்துக்கு 2 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஓரிரு அணு அகலத் தூரத்துக்குள் திரும்பி வந்தால்தான் உன் அமைப்பை நம்பலாம். எனக்கு அது சரியாக வருவதற்கு எட்டு நாள் பிடித்தது.

வாய்மொழித் தேர்வில் அடுத்த அடி. மருந்து வேதியியலாளர் லிபின்ஸ்கி 1997-இல் சொன்ன விதி எங்களுக்கெல்லாம் மனப்பாடம். வாய்வழி மருந்து ரத்தத்தில் ஏற வேண்டுமானால் மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டக்கூடாது, கொழுப்பில் கரையும் தன்மையைக் காட்டும் லாக் பி என்ற எண் 5-ஐத் தாண்டக்கூடாது, ஹைட்ரஜன் கொடுக்கும் இடங்கள் 5-க்குள், வாங்கும் இடங்கள் 10-க்குள் இருக்க வேண்டும். இவற்றில் இரண்டை மீறினாலே சந்தேகம். என் மூலக்கூறில் கொடுக்கும் இடங்கள் 8, வாங்கும் இடங்கள் 11. ஆகவே இது மருந்தாகாது என்று முடிவுரையில் எழுதியிருந்தேன். வெளித்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அகார்போஸ் தெரியுமா? சர்க்கரைக்காரர்கள் பல வருடமாகச் சாப்பிடும் மாத்திரை. எடை ஏறக்குறைய 645. உன் விதிப்படி அதையும் குப்பையில் போடலாமா?” என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை. அகார்போஸ் குடலிலேயே வேலையை முடித்துக்கொள்கிறது, ரத்தத்தில் ஏறவே வேண்டியதில்லை. ஆகவே அந்த விதியால் அதை அளக்கவும் கூடாது. என் நொதியும் குடலில் வேலை செய்வதுதான். இரண்டு வருடம் படித்தும் இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்வது? கவுனி அரிசியை நெய்யும் சர்க்கரையும் தேங்காயும் போட்டுத்தானே பரிமாறுகிறோம்!

இந்தப் படிப்பை முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், வேதியியல் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லோரும் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

நான் பிளஸ் டூவில் பியூர் சயின்ஸ். கணக்கைப் பத்தாம் வகுப்போடு தலைமுழுகியவள். இளங்கலை விலங்கியல் முடித்துவிட்டு முதுகலை உயிர்த் தகவலியலில் சேர்ந்தேன். முதல் வாரம் ராமச்சந்திரன் வரைபடம். 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது என்று கேட்டபோது பெருமையாக இருந்தது, புரத முதுகெலும்பின் இரண்டு கோணங்கள் எப்படிக் கட்டுப்படுகின்றன என்பதும் புரிந்தது. இரண்டாம் வாரம் லினக்ஸ். கறுப்புத் திரை, அதில் மினுக்கும் ஒரு கோடு. சுட்டியைத் தேடினேன். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். மூன்றாம் பருவத்தில் அவனுக்கு நொதி என்றால் என்னவென்று நான் சொல்லிக்கொடுத்தேன், கணக்கு நேராகிவிட்டது.

என் விபத்து எக்செல்லில் நடந்தது. புற்றுநோய்த் திசுவில் கூடுதலாக இயங்கும் மரபணுக்களின் பட்டியல், சில ஆயிரம் வரிசைகள். நடுவில் ஓர் இடத்தில் மரபணுப் பெயருக்குப் பதிலாக ‘2 செப்’ என்று இருந்தது. யாரோ தேதி போட்டிருக்கிறார்கள் என்று அந்த வரிசையை அழித்துவிட்டேன். அப்படி அழித்தவை பல. அவை தேதிகளே அல்ல. செப்டின் என்ற குடும்பத்து மரபணுக்களின் சுருக்கப் பெயரை எக்செல் செப்டம்பர் மாதமாகப் படித்துவிட்டது. ‘மார்ச்’ என்று தொடங்கும் மரபணுக்களுக்கும் அதே கதி. எனக்கு மட்டும் நேர்ந்த கதி இல்லை இது. மரபணுப் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுப் பெயர்க் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்த முடியாமல் மனித மரபணுவுக்கு மறுபெயர் சூட்டிய கூத்தை வேறு எந்தத் துறையில் பார்ப்பீர்கள்?

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து, ஓர் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தேன். சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தவர் என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது விலங்கியலுக்கு இணை என்பதற்கு அரசாணை இருக்கிறதா?” என்றார். இல்லை. அதோடு முடிந்தது. வாசலில் அண்ணன் பைக்கோடு நின்றுகொண்டிருந்தான், அவனிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது பெங்களூரில் மரபணு வரிசைத் தரவுகளை அலசும் வேலை, சம்பளம் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் ஊரில் இருந்தே அரசு வேலைக்குப் போக வேண்டும் என்பவர்கள் சேருவதற்கு முன்பே இணைத்தன்மையை விசாரித்துக்கொள்ளுங்கள். சேர்ந்த பிறகு யாரும் உங்களுக்காக அரசாணை வாங்கித் தர மாட்டார்கள்.

கண்டனூர்:

நான் ஒரு வருடத்தில் விட்டுவிட்டேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆய்வகத்தில் இருபது கணினி, அவற்றில் இயங்குவது பதினொன்று. பாடம் நடத்த வந்தவர் திரையைப் பார்த்து வாசிப்பார், நாங்கள் எழுதுவோம். மரபணு, புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் என்ற கணினித் தேடலை நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து படித்த கூட்டம் நாங்களாகத்தான் இருக்கும். வங்கித் தேர்வு எழுதினேன், இப்போது காசாளர். வருத்தம் இல்லை. சேருகிறவர்கள் ஆய்வகக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சேருங்கள், அவ்வளவுதான்.

கோட்டையூர் வேதியியல்காரன்:

நான் இந்தக் கூட்டத்தில் சற்று மூத்தவன். காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் வேலியை ஒட்டி சைக்கிள் ஓட்டிப் பள்ளிக்கூடம் போனவன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய கதையை எங்கள் ஐயா தன் பணத்தையே எடுத்துக் கொடுத்ததுபோலச் சொல்லுவார். அதனாலேயோ என்னவோ வேதியியலைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தோன்றவில்லை. கணினிப் பக்கம் வந்தது தற்செயல்.

மூலக்கூறுகளைக் கணினியில் எழுதி, தேடி, கணிக்கும் வேதித் தகவலியலுக்கென்று தனிப் பட்டம் நம் பக்கம் அரிது. பெரும்பாலும் உயிர்த் தகவலியல் பட்டத்துக்குள் ஒரு தாளாகத்தான் வரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பேர் போனவை. நான் அங்கெல்லாம் போகவில்லை. எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பிறகு ஆர்டிகிட் என்ற இலவச மென்பொருளை வைத்துக்கொண்டு நானே கற்றது.

மூலக்கூறைக் கணினிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் பாடம். எங்கள் ஆயா தேவகோட்டையில் இருக்கும் தன் தங்கைக்குத் தொலைபேசியிலேயே கோலம் சொல்லுவார். “பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரை.” அந்தப் பக்கம் கோலம் விழுந்துவிடும். ஸ்மைல்ஸ் என்ற குறிமுறையும் அதேதான். எத்தனாலை ‘சி சி ஓ’ என்று எழுதினால் போதும், ஹைட்ரஜனைக் கணினியே போட்டுக்கொள்ளும். வளையம் வந்தால், திறக்கிற அணுவுக்கும் மூடுகிற அணுவுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், ‘ஓ சி சி’ என்று பின்னாலிருந்து எழுதினாலும் அதே எத்தனால்தான். ஒரே ஆளுக்குப் பத்துப் பெயர். நம் ஊரில் இதற்கு நேர்மாறான தொல்லை: பேரனுக்கு ஐயா பெயர், தெருவுக்கு நான்கு பேர் ஒரே பெயரில். அதைத் தீர்க்கத்தானே நகரத்தார் வீடுகளில் விலாசம் வைத்தார்கள், பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் அந்த எழுத்துகள்? வேதியியலிலும் ஒரு விலாசம் உண்டு. இன்ச்சி கீ என்று பெயர், 27 குறிகள் கொண்டது. எந்த நாட்டுக் கோப்பில் இருந்தாலும் அதே மூலக்கூறுக்கு அதே விலாசம்.

அந்த விலாசத்தை நம்பித்தான் நான் விழுந்தேன். ஒரு மருந்து நிறுவனத்துக்காக, எந்த மூலக்கூறு கல்லீரலைக் கெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லும் கணினி மாதிரி (மாடல்) ஒன்றைக் கட்டினேன். சோதனையில் கிட்டத்தட்ட எல்லாமே சரி. குழுவில் கைதட்டினார்கள். வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை, அவ்வளவு நன்றாக வருவதற்கு நான் அத்தனை கெட்டிக்காரன் இல்லை என்று எனக்கே தெரியும். விடியற்காலை கோப்பைத் திறந்து பார்த்தேன். வலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக் அதில் மூன்று இடத்தில் இருந்தது: அமிலமாக ஒன்று, சோடியம் உப்பாக ஒன்று, பொட்டாசியம் உப்பாக ஒன்று. உப்பு மாறியதால் மூன்றுக்கும் மூன்று விலாசம், ஒரே மூலக்கூறு இருமுறை வராமல் வடிக்கும் என் சல்லடை மூன்றையும் வேறு வேறு ஆளாக எடுத்துக்கொண்டது. இரண்டு, மாடல் கற்றுக்கொள்ளும் பயிற்சிப் பக்கம்; ஒன்று, அதைச் சோதிக்கும் பக்கம். கேள்வித்தாளை முன்பே பார்த்துவிட்ட பையன் நூற்றுக்கு நூறு வாங்காமல் என்ன செய்வான்? இப்படி நூற்றுக்கணக்கில் கிடந்தன. உப்பை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன், மதிப்பெண் சராசரிக்கு இறங்கியது. காலையில் போய் மேலாளரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது.

பழகிப் பார்க்க நல்ல தரவு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு தகவல். சென்னைத் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் நம் மூலிகைகளின் வேதிப்பொருள்களைத் திரட்டி 2018-இல் ‘இம்பாட்’ என்ற தரவுத்தளத்தை வெளியிட்டார்கள். மூலிகையின் பெயரைக் கொடுத்தால் அதில் உள்ள மூலக்கூறுகள் வரிசையாக வந்து நிற்கும்.

புதுவயல் தகப்பன்:

எல்லோரும் விழுந்த கதையையே சொல்கிறீர்களே, படித்தவர்கள் பிழைத்தீர்களா என்று யாராவது சொல்லுங்கள். என் மகள் பிளஸ் டூ, உயிரியலும் கணக்கும் சேர்ந்த பிரிவு. நீட்டில் மதிப்பெண் போதாது என்று தெரிந்துவிட்டது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் உயிர்த் தகவலியல் துறை இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று யாரோ சொன்னார்கள். அவளுக்கு இது பிடிக்குமா என்பதே எனக்குத் தெரியவில்லை. கேட்டால் தோளைக் குலுக்குகிறாள்.

பள்ளத்தூர்க்காரி:

அண்ணே, பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். நான் சென்னையில் புரதத் தரவுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன், மாதச் சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. நீங்கள் கேள்விப்பட்டது முதுகலைப் படிப்பு. அதற்கு முன் அவள் ஓர் இளங்கலை முடிக்க வேண்டும். வேதியியலோ விலங்கியலோ கணினி அறிவியலோ, ஒன்றில் காலை நன்றாக ஊன்றிவிட்டு வரட்டும். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை உதவி பெறும் முதுகலைப் படிப்புகளுக்கு கேட்-பி என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, மூன்றாம் ஆண்டிலேயே அதற்குத் தயாராகலாம்.

தோளைக் குலுக்குகிறாள் என்றால் அவளிடம் கேட்டுப் பயனில்லை, காட்டித்தான் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் ஊருக்கு வருகிறேன். ஞாயிறு காலை அவளைப் பள்ளத்தூருக்கு அழைத்து வாருங்கள். ஆத்தா பணியாரம் சுட்டு வைப்பார். அந்த அமைலேஸ் கோப்பு இன்னும் என் மடிக்கணினியில் இருக்கிறது. பெட்டியை முதுகுப்புறத்திலேயே வைத்துக் கொடுக்கிறேன், என்ன தப்பு என்று அவளே திருப்பிப் பார்க்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கக் கூடாது.