'டு நாட் ரிங்': கெமர் மொழியில் எப்படி எழுதுவது?

நூல்கண்டு: கம்போடியாவில், ப்னோம் பென்னில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் தரப் பிரிவில் இருக்கிறேன். கம்பளி ஸ்வெட்டர் மாதிரிகளைக் கையால் அலசும் தொட்டிக்கு மேலே இந்த ஊர் மொழியான கெமரில் அறிவிப்பு ஒட்ட வேண்டும். லேபிளில் ஆங்கிலத்தில் 'டு நாட் ரிங்' (do not wring), அதாவது முறுக்கிப் பிழியாதே என்று இருக்கிறது. அகராதியில் பூத், முவல், ச்ரொபாச் என்று மூன்று சொற்கள். போன வாரம் ஈரத்தோடு முறுக்கியதில் ஒரு ஸ்வெட்டரின் கை நாலு விரல் நீண்டு, காய்ந்தும் பழைய அளவுக்கு வரவில்லை. எதைப் போடலாம்? அதட்டுவது போலவும் இருக்கக் கூடாது.

சியெம்ரீப் அக்கா: ஈரத்துணியைப் பிழிவதற்குப் பூத்தான் தம்பி. கடைசி எழுத்தை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுவார்கள். முவல் என்றால் திருகுவது, அதில் தண்ணீருக்கு வேலையில்லை. மூடி, குழாய், கோழிக் கழுத்து எல்லாம் முவல். ச்ரொபாச் என்பது உள்ளங்கையால் அமுக்குவது, பிசைவது. எலுமிச்சை பிழிய, கால் பிடித்துவிட இதைச் சொல்வார்கள். ஆனால் கழுத்தோடு சேர்த்தால் நெரிப்பது என்றாகிவிடும், கவனம்.

'பிழியாதே' என்று மட்டும் எழுதினால் சொட்டச் சொட்டக் கொடியில் போடுவார்கள். அந்தக் கனத்திலேயே கம்பளி தொங்கிவிடும். செய்ய வேண்டியதையும் எழுதுங்கள்: 'சோம் கொம் பூத்', அதன் கீழே 'ச்ரொபாச் த்னொம் த்னொம்'. தயவுசெய்து முறுக்கிப் பிழியாதீர்கள், மெல்ல அமுக்குங்கள். 'கொம்' தனியாக நின்றால் அதட்டல். 'சோம்' சேர்ந்தால் வேண்டுகோள்.

பழைய வாத்தியார்: ஆங்கிலத்தில் இந்தச் சொல் இன்னும் எங்கெங்கோ போகும். ஒருவரிடம் பணம் கறப்பதற்கும் ரிங்தான். கெமரில் மிரட்டிப் பணம் பறிப்பதற்கு 'சும்ரித்' என்று தனிச்சொல். முவலும் துணியோடு நிற்பதில்லை: 'முவல் பொங்காச்' என்றால் அவதூறு. நாம் திரியையும் திரிக்கிறோம், பேச்சையும் திரிக்கிறோம் இல்லையா?

லேபிள்காரன்: ஜப்பான் சரக்கா? 2016 டிசம்பரில் அங்கே சலவைக் குறியீடுகளை மாற்றியபோது பிழிவதற்கான குறியை எடுத்துவிட்டார்கள். இப்போது அதை எழுத்தில்தான் சொல்ல முடியும்.

நூல்கண்டு: ஜப்பான் சரக்கேதான். அக்கா சொன்ன இரண்டு வரியையும் தையல் பிரிவில் ஒரு பெண்ணிடம் காட்டினேன். படித்ததும் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அமுக்கிக் காட்டினார். பெரிய எழுத்தில் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். தொட்டிப் பக்கத்தில் சுருட்டி ஒற்ற உலர்ந்த துண்டும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.