புதுப்பிப்பு: மீத்தேன் நீக்கியும் மணல் வடிகட்டி அடைத்துக்கொள்கிறதா?

நிலத்தடி நீரிலுள்ள மீத்தேனைக் கார்பன் ஃபில்டரோ குளோரினோ நீக்காது, காற்றூட்டித்தான் வெளியேற்ற வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதன் பிறகும் மணல் வடிகட்டி அடிக்கடி அடைப்பது ஏன் என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் மிச்ச மீத்தேன்தான் காரணம். அதைத் தின்னும் பாக்டீரியா மணலில் வழவழவென்று படலமாக வளர்ந்து ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். ஆக்சிஜன் போதாமல், மணலில் நடக்கும் அம்மோனியா நீக்கமும் படுத்துவிடும். பேக்வாஷை, அதாவது நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவுவதை, கூட்டினால் சில நாள் தாங்கும், அவ்வளவுதான். காற்றூட்டுவதற்காக நீரைத் தெளிக்கும் முனைகளைக் கழற்றிப் பாருங்கள்: இரும்புக் கசடோ சுண்ணாம்போ படிந்து துளி பெரிதாகியிருந்தால் வாயு சரியாகப் பிரியாது.

தயவுசெய்து காற்றூட்டும் தொட்டியின் வென்ட்டையும் (வாயு வெளியேறும் குழாய்) சரிபாருங்கள். காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் இருந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். லேசான வாயு என்பதால் குழாய் தொட்டியின் உச்சியில் தொடங்கிக் கூரைக்கு மேலே திறந்தவெளியில் முடிய வேண்டும்.